பின்சில்லு பெயாரிங்குக்கு உத்தரவாதம் மறுக்கப்பட்டதும், செய்யாத சேர்விஸ் வேலைக்குப் பணம் அறவிட்டதும் தொடர்பாக

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கொழும்பு.

அன்புடையீர்,

என் காரின் இடது பின்சில்லைத் தாங்கிச் சுழலவிடும் பெயாரிங் பழுதடைந்திருக்கிறது. உங்கள் ஆட்களே ஓட்டிப் பார்த்து அதை ஒப்புக்கொண்டார்கள். ஆனால் உத்தரவாதத்தில் மாற்றித் தர முடியாது, 78,000 ரூபாய் கட்டினால் மாற்றலாம் என்று முன்மேசையில் சொல்லிவிட்டார்கள். 15,000 கிலோமீற்றர் சேர்விஸை நான் உங்களிடம் கொண்டுவராமல் வீட்டில் செய்துகொண்டேன் என்பதுதான் சொல்லப்பட்ட ஒரே காரணம். இந்த மறுப்பை நான் ஏற்கவில்லை. நான் வீட்டில் சேர்விஸ் செய்ய வேண்டி வந்ததற்குக் காரணமும் உங்கள் சேர்விஸ் நிலையத்தில் நடந்த வேலைதான் என்பதால், இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்படும் வரை நாங்கள் பழைய காரோடுதான் காலம் தள்ளினோம். திறந்த பிறகு, வரிகளோடு சேர்த்து ஒரு சிறிய வீட்டுக்குக் கொடுக்கக்கூடிய தொகையைக் கொடுத்து இந்த ஹைபிரிட் காரை உங்களிடம் புதிதாக வாங்கினோம். வெளியாட்கள் இறக்குமதி செய்த கார் குறைந்த விலைக்குக் கிடைத்திருக்கும். கார் நிறுவனத்தின் ஏஜென்டான உங்களிடம் வாங்கினால் பழுது வரும்போது பொறுப்பேற்க ஓர் ஆள் இருப்பார் என்று நம்பித்தான் கூடுதல் பணம் கொடுத்தோம். 1,000 கிலோமீற்றர், 5,000 கிலோமீற்றர் சேர்விஸ்கள் இரண்டும் உங்களிடமே நடந்தன. அவற்றில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

10,000 கிலோமீற்றர் சேர்விஸில்தான் பிரச்சினை தொடங்கியது. வாகனத்தை ஒப்படைக்கும்போதே உங்கள் சேர்விஸ் அட்வைசரிடம், ஏசியின் கபின் பில்ட்டரை அண்மையில்தான் நான் மாற்றினேன், அதைத் தொட வேண்டாம் என்று சொன்னேன். காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே குடியிருக்கும் எங்களுக்கு அந்த பில்ட்டர் சீக்கிரம் அடைத்துவிடும். பக்கத்து வளவுகளில் மாடி கட்டும் தூசும் பஸ் புகையும் அதிலேதான் போய்ப் படிகின்றன. அதை மாற்ற ஸ்பானர்கூடத் தேவையில்லை. கிளவ் பொக்ஸின் இரு பக்கத்தையும் உள்ளே அமுக்கி இறக்கினால் மூடி தெரியும். மாற்றிய திகதியை அதன் ஓரத்தில் மார்க்கரால் எழுதிவைப்பது என் வழக்கம்.

வேலை நடக்கும் இடத்துக்குள் வாடிக்கையாளர் வரக்கூடாது என்பது உங்கள் விதி. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். பற்றுச்சீட்டில் கபின் பில்ட்டர் புதிதாகப் போட்டதாக ஒரு வரி, அதைப் பொருத்திய கூலி ஒரு வரி, நான்கு டயர்களையும் இடம் மாற்றிப் பூட்டியதாக ஒரு வரி, எஞ்சின் ஒயில் 4 லீற்றர் என்று ஒரு வரி இருந்தன. பில்ட்டரை மாற்ற வேண்டாம் என்று சொன்னேனே என்று கேட்டபோது, அது பக்கேஜில் வருவது, கழிக்க முடியாது, புதியது போட்டாகிவிட்டது என்று பதில் வந்தது. கழற்றிய பழையதைக் கேட்டேன். வீசிவிட்டார்களாம். பணத்தைக் கட்டிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து கிளவ் பொக்ஸை இறக்கிப் பார்த்தேன். என் கையெழுத்தில் எழுதிய திகதியோடு என் பில்ட்டர் அப்படியே இருந்தது. நான் மூடும்போது உள்ளே விழுந்த வேப்பஞ்சருகு ஒன்று மடிப்புகளுக்கு இடையில் சொருகியபடியே கிடந்தது. ஒருவரும் அந்த மூடியைத் திறக்கவேயில்லை. படம் எடுத்து இணைத்திருக்கிறேன்.

அதன் பிறகு மற்ற வரிகளையும் சரிபார்க்காமல் இருக்க முடியவில்லை. இடது பின் டயரில் முன்பு ஆணி ஏறிப் பஞ்சர் ஒட்டிய அடையாளம் உண்டு. முன்னும் பின்னுமாக மாற்றினாலும் சரி, குறுக்காக மாற்றினாலும் சரி, அந்த டயர் அதே இடத்தில் இருக்க வழியில்லை. அது இடது பின்னாலேயே இருந்தது. அடுத்த நாள் காலை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, சம தரையில் வைத்து ஒயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தேன். ஒயில் மேல் குறியைத் தாண்டி விரற்கடை உயரத்துக்கு ஏறியிருந்தது. ஒயில் பில்ட்டரோடு சேர்த்து இந்த எஞ்சின் கொள்வது 3.4 லீற்றர் என்று கையேடு சொல்கிறது. 4 லீற்றர் கேனுக்குப் பணம் வாங்கியதால் முழுவதையும் ஊற்றிவிட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். மிஞ்சிய ஒயில் எனக்குரியது, கேனோடு தந்திருக்கலாம். அளவுக்கு மேல் ஒயில் நின்றால் எஞ்சினுக்குள் சுற்றும் கிராங்க் தண்டு அதில் அடித்து நுரைக்க வைக்கும். நுரைத்த ஒயில் உராயும் பாகங்களுக்குச் சரியாகப் போய்ச் சேராது. இது உங்கள் தொழில்நுட்பவியலாளர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டிய விடயம் அல்ல. டிப்ஸ்டிக் குழாய் வழியே மெல்லிய குழாய் ஒன்றை விட்டு, சிரிஞ்சால் உறிஞ்சி நானே அளவைச் சரிசெய்தேன்.

இவ்வளவையும் தொலைபேசியில் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள், திருப்பி அழைப்பதாகச் சொன்னார்கள், அழைக்கவில்லை. போடாத பில்ட்டருக்கும் மாற்றாத டயருக்கும் சேர்த்து என்னிடம் 18 சதவீத வற் வரியும் அறவிடப்பட்டிருக்கிறது. தொகை பெரிதல்ல. ஆனால் செய்ததாக எழுதி, செய்யாமல் விட்ட ஒரு நிலையத்தில், பிறேக்கைச் சோதித்தோம் என்று எழுதியிருக்கும் வரியை நான் எப்படி நம்புவது? அதே காரில்தான் என் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் ஏற்றிப் போகிறேன்.

இதனால்தான் 15,000 சேர்விஸை நான் வீட்டில் செய்தேன். பணம் மிச்சம் பிடிக்க அல்ல. 2022 நெருக்கடியில் டொலர் 200 ரூபாயிலிருந்து சில மாதங்களில் 360 வரை போனபோது, உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தை முழுக்க ஏறி இறங்கினாலும் உதிரிப்பாகம் கிடைக்காது. கிடைத்தாலும் கராஜில் கரண்ட் இருக்காது. அந்த நாட்களில் கொட்டாஞ்சேனையில் கராஜ் வைத்திருந்த ஓர் அண்ணை பக்கத்தில் நிறுத்தி எனக்கு வேலை பழக்கினார். நட்டைக் கையால் சுற்றிப் பிடிக்க வைத்த பிறகுதான் ஸ்பானரைத் தொட வேண்டும், கழற்றிய வொஷரைத் திரும்பப் போடக்கூடாது, வேலை முடிந்ததும் ஆயுதங்களை எண்ணிப் பார்த்த பிறகுதான் பொனட்டை மூட வேண்டும் என்பதெல்லாம் அவர் சொல்லித் தந்தவை. பழைய கார் விற்கும் வரை ஒயிலை நான்தான் மாற்றினேன்.

இந்தக் காருக்கும் அதே கவனத்தோடுதான் செய்தேன். கையேட்டில் சொன்ன 0டபிள்யூ-20 ஒயிலும், ஒயில் பில்ட்டரும், வடிகால் போல்ட்டுக்கான புதிய வொஷரும் உங்கள் உதிரிப்பாகக் கருமபீடத்திலேயே வாங்கியவை. பற்றுச்சீட்டுகளில் உங்கள் முத்திரை இருக்கிறது. போல்ட்டை, இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ரென்ச்சால் குறித்த அளவுக்கு இறுக்கினேன். 3.4 லீற்றரை அளந்து ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தி, சற்று நேரம் விட்டு மறுபடி அளவு பார்த்தேன். டயர்களைக் கையேட்டில் உள்ள படத்தின்படி இடம் மாற்றினேன். பிறேக் பாட்களின் தடிப்பை நான்கு சில்லிலும் வேர்னியர் அளவுகோலால் அளந்து எழுதிவைத்தேன். கழிவு ஒயிலை வடிகானில் ஊற்றவில்லை, கராஜில் சேர்க்கும் பீப்பாவில் கொண்டுபோய் விட்டேன். ஓடிய தூரம் காட்டும் மீற்றரின் படமும் திகதியும் என்னிடம் உண்டு. உங்கள் நிலையத்தின் 10,000 சேர்விஸுக்கு இவ்வளவு ஆதாரம் உங்களிடம் இருக்குமா என்று தெரியவில்லை.

எல்லாவற்றையும் வீட்டில் செய்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. செம்மஞ்சள் நிறக் கேபிள்களை நான் தொட்டதில்லை, தொடவும் மாட்டேன். அவற்றில் உயர் மின்னழுத்தம் ஓடுகிறது. ஹைபிரிட் பற்றரியின் கலங்களைச் சோதிப்பது, ஏபிஎஸ், எயார்பேக், மென்பொருள் புதுப்பிப்பு எல்லாம் உரிய கருவியும் பயிற்சியும் உள்ளவர்களின் வேலை. டக்காட்டா நிறுவனத்தின் பழுதான எயார்பேக்குகளை உலகமெங்கும் மீளழைத்து மாற்றியபோது ஏஜென்ட் ஒருவர் இருப்பதன் பெறுமதி எல்லோருக்கும் விளங்கியது. 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒயில் மாற்றச் சொல்லும் உங்கள் ஸ்டிக்கரையும் நான் குறை சொல்லமாட்டேன். கையேடு அதைவிட நீண்ட இடைவெளி தருகிறது என்றாலும், பம்பலப்பிட்டியிலிருந்து கோட்டைக்குப் போவதற்குள் நின்று நின்று ஊரும் ஓட்டத்துக்கு அடிக்கடி மாற்றுவது நல்லதுதான். உங்களுக்குக் கொடுக்கவேண்டிய வேலைக்குப் பணம் கொடுக்க நான் தயாராக இருந்தேன், இப்போதும் தயார்.

இனி பெயாரிங். தெற்கு அதிவேகப் பாதையில் போகும்போது பின்னாலிருந்து ஓர் இரைச்சல் கேட்கத் தொடங்கியது. வேகம் கூடக் கூடக் கூடியது, எஞ்சின் சுற்றுக்கும் அதற்கும் தொடர்பில்லை. வலது பக்கம் வளையும்போது, பாரம் இடது சில்லில் ஏறும்போது, பலத்தது. இடது பக்கம் வளையும்போது தணிந்தது. வீட்டில் ஜக் போட்டு, தாங்கு கட்டை வைத்து, ஒரு கையால் சில்லைச் சுற்றி மறு கையைச் சுருள் வில்லில் வைத்துப் பார்த்தேன். மணல் அரைபடுவது போன்ற அதிர்வு விரலில் பட்டது. வலது பக்கத்தில் அப்படி ஒன்றும் இல்லை. கார் விபத்தில் பட்டதில்லை, ரிம்மில் ஒரு நெளிவும் இல்லை.

இந்தப் பெயாரிங், சில்லு பூட்டும் ஹப்போடு சேர்த்து அடைத்து வரும் ஒரே பாகம். அதற்குள் கிறீஸ் போடவோ, இறுக்கத்தைச் சரிசெய்யவோ வழியில்லை. உங்கள் சேர்விஸ் அட்டவணையில் எந்தக் கிலோமீற்றரிலும் அதற்கென்று ஒரு வேலை குறிப்பிடப்படவில்லை. அப்படியிருக்க, எஞ்சின் ஒயிலை யார் மாற்றினார் என்பது காரின் மறுகோடியில் இருக்கும் பின்சில்லு பெயாரிங்கை எப்படிப் பழுதாக்கும்? இந்தக் கேள்வியை முன்மேசையில் கேட்டேன். சிஸ்டத்தில் ஒரு சேர்விஸ் விடுபட்டிருக்கிறது, அதனால் உத்தரவாதம் தானாக நிற்கும் என்றார்கள். நீங்கள் தந்த உத்தரவாதக் கையேட்டை வரி வரியாக வாசித்தேன். தவறான பராமரிப்பால் உண்டாகும் பழுதுக்கு உத்தரவாதம் இல்லை என்றுதான் அதில் உள்ளது. வீட்டில் ஒயில் மாற்றினால் காரின் எல்லாப் பாகத்துக்கும் உத்தரவாதம் போய்விடும் என்று எங்கும் இல்லை.

கார் உற்பத்தியாளர்கள் பெரிய அளவில் விற்கும் அமெரிக்காவில், ஏஜென்டிடம் இலவசமாகச் செய்து தராத சேர்விஸை ஏஜென்டிடமே செய்தாக வேண்டும் என்று உத்தரவாதத்துக்கு நிபந்தனை போடுவதை 1975 ஆம் ஆண்டின் மக்னசன்–மோஸ் சட்டம் தடுக்கிறது. அது நம் நாட்டுச் சட்டம் அல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் வாங்கியவர் தன் வாகனத்தைத் தானே பராமரிப்பது உலகம் ஏற்றுக்கொண்ட விடயம் என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன். நம் நாட்டில் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இருக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு வழங்கும் சேவை உரிய கவனத்தோடும் திறமையோடும் வழங்கப்பட வேண்டும் என்பது அதன்படி வாடிக்கையாளருக்குள்ள உரிமை.

ஆகவே நான் கேட்பவை இவை. பெயாரிங்கை உத்தரவாதத்தின் கீழ் செலவின்றி மாற்றித் தாருங்கள். மாற்றும்போது நான் பக்கத்தில் நிற்க வேண்டும், கழற்றிய பெயாரிங்கை எனக்குக் காட்ட வேண்டும். 10,000 சேர்விஸில் போடாத பில்ட்டர், அதன் கூலி, மாற்றாத டயர் வேலை ஆகியவற்றுக்கு வாங்கிய பணத்தை வற் வரியோடு திருப்பித் தாருங்கள். அன்று என் காரில் உண்மையில் என்னென்ன வேலை நடந்தது என்று வேலைச் சீட்டைப் பார்த்து எழுத்தில் சொல்லுங்கள். பிறேக் சோதனை பற்றி எழுதியிருக்கும் வரிக்கு அந்த வேலையைச் செய்தவர் கையொப்பமிட்டு உறுதி தர வேண்டும். இனி நான் வீட்டில் செய்யும் சேர்விஸுக்கு எந்த ஆதாரங்களை உங்கள் நிறுவனம் ஏற்கும் என்பதையும் எழுதித் தாருங்கள், அவற்றை ஒழுங்காகச் சேர்த்துவைக்கிறேன். உத்தரவாதத்தை மறுப்பதே உங்கள் இறுதி முடிவு என்றால், முன்மேசையில் வாய்ச்சொல்லாக அல்லாமல், கையேட்டின் எந்த வாசகத்தின்படி மறுக்கிறீர்கள் என்று காட்டி, பொறுப்பான ஒருவரின் கையொப்பத்தோடு கடிதமாகத் தாருங்கள்.

அந்த முன்மேசைப் பிள்ளைகள் மீது எனக்குக் கோபமில்லை. அவர்கள் திரையில் வருவதை வாசிக்கிறார்கள். காரை ஓட்டிப் பார்த்துவிட்டு, ஓம், பெயாரிங்தான் என்று தயங்காமல் சொன்ன உங்கள் தொழில்நுட்பவியலாளர் மீது எனக்கு மதிப்பு உண்டு. இதை எழுதியதற்காக அவருக்கு ஒரு தொல்லையும் வரக்கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

இக்கடிதம் கிடைத்த 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன். சேவை வழங்கி மூன்று மாதங்களுக்குள் முறையிட வேண்டும் என்பது அதிகாரசபையின் விதி, உத்தரவாதம் மறுக்கப்பட்டு இன்னும் அவ்வளவு காலம் ஆகவில்லை. பதில் இல்லாவிட்டால் இதே ஆவணங்களோடு வொக்ஸோல் வீதியிலுள்ள நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையில் முறைப்பாடு செய்வேன். அதுவரை அந்தப் பெயாரிங்கோடு அதிவேகப் பாதையில் ஏறப்போவதில்லை, பிள்ளைகளைப் பஸ்ஸில்தான் அனுப்புகிறேன். ஆகவே கூடிய சீக்கிரம் திகதி ஒன்றைக் குறித்துத் தாருங்கள்.

10,000 சேர்விஸின் பற்றுச்சீட்டு, கபின் பில்ட்டர், டயர், டிப்ஸ்டிக் படங்கள், உங்கள் கருமபீடப் பற்றுச்சீட்டுகள், 15,000 சேர்விஸின் குறிப்பேட்டுப் பக்கம் ஆகியவற்றின் பிரதிகளை இணைத்துள்ளேன். மூலப்பிரதிகள் என்னிடம் உள்ளன, நேரில் வரும்போது காட்டலாம்.

இங்ஙனம்,
தங்கள் வாடிக்கையாளர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.