போர்க்காலச் சுவரொட்டிகள்: பத்தாம் வகுப்புப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு, வணக்கம்.

பிள்ளைகள் வீட்டில் ஹிட்லர், கொழுப்பு, குண்டு என்றே பேசிக்கொண்டிருப்பதாகச் சிலர் போனில் கேட்டீர்கள். இரண்டாம் உலகப் போர்ப் பாடத்துக்காக, அன்றைய அரசாங்கங்கள் தங்கள் சொந்த மக்களுக்காக ஒட்டிய சுவரொட்டிகளின் நகல்களை வகுப்பில் மாட்டியிருக்கிறோம். எதிரியைக் கேலி செய்யும் படங்களை வேண்டுமென்றே விட்டுவிட்டோம்.

கொழுப்பு விவகாரம் இதுதான். 1943-இல் வந்த அமெரிக்கச் சுவரொட்டி ஒன்றில் ஒரு கை வாணலியைச் சாய்க்கிறது. சிந்தும் கொழுப்பு கீழே குண்டுகளாகிறது. சமையலில் மிஞ்சிய கொழுப்பைச் சேர்த்து இறைச்சிக் கடையில் கொடுக்கச் சொன்னார்கள். கொழுப்பிலிருந்து கிளிசரின், அதிலிருந்து வெடிமருந்து. அறிவியல் ஆசிரியருக்கு ஒரு பாடம் சும்மா கிடைத்தது! காரில் தனியாகப் போகிறவர் பக்கத்தில் ஹிட்லர் உட்கார்ந்திருக்கும் படமும் உண்டு. மலேயா ஜப்பான் கைக்குப் போனதும் ரப்பருக்குத் தட்டுப்பாடு. டயர் தேயாமல் இருக்க நாலு பேர் சேர்ந்து ஒரே காரில் போகச் சொன்னார்கள். “ஷேர் ஆட்டோதானே சார்?” என்றான் ஒருவன். அதேதான்.

பிரிட்டனில் பூங்காக்களைக் கொத்திக் காய்கறி போடச் சொன்னார்கள். லண்டன் கோட்டையின் அகழியில்கூடப் பயிரிட்டார்கள்.

கெட்டிக்கார விளம்பரம் என்று இதோடு ரசித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் 1939 செப்டம்பரில் வைஸ்ராய் லின்லித்கோ நம் தலைவர்களில் ஒருவரையும் கேட்காமலேயே இந்தியாவைப் போரில் இறக்கினார். 1942-இல் பர்மா விழுந்தது; ரங்கூன் அரிசி நின்றது. இங்கேயும் அதிகம் விளைவியுங்கள் என்று பிரசாரம் செய்தார்கள். 1943-இல் வங்காளப் பஞ்சத்தில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் மாண்டார்கள். போர்க்கால விலையேற்றத்துக்கும் அரசின் முடிவுகளுக்கும் அந்தச் சாவுகளில் இருந்த பங்கை எந்த அரசுச் சுவரொட்டி சொல்லும்? அன்று நம் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்த குலசேகரன்பட்டினத்தில் 1942-இல் வெள்ளையனே வெளியேறு போராட்டத்தின்போது மக்கள் உப்பளத்துக்குள் புகுந்ததையும் இதோடு சேர்த்தே படிக்கிறார்கள்.

“அரசாங்கம் எது கேட்டாலும் சந்தேகப்படச் சொல்லித் தருகிறீர்களா?” என்று ஒரு தந்தை கேட்டார். நியாயமான கேள்வி. 1965-இல் பிரதமர் சாஸ்திரி வாரத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டை விடச் சொன்னபோது பல வீடுகளில் மனதார விட்டார்கள். கேட்பவர் யார், எதைச் சொல்லாமல் கேட்கிறார் என்று பார்த்துவிட்டுக் கொடுக்கட்டும், மறுக்கட்டும். வாட்ஸ்அப்பில் வருவதை அப்படியே அடுத்தவருக்குத் தள்ளிவிடும் வயது இது. நம் வயதும்தான்.

உங்களிடம் கேட்பது கொஞ்சம்தான். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு சுவரொட்டி வரைந்து, அது சொல்லாமல் விட்டதைப் பின்பக்கம் எழுத வேண்டும். தயவுசெய்து நீங்கள் வரைந்து கொடுக்காதீர்கள். கை மாறியது ஆசிரியருக்குத் தெரிந்துவிடும். சார்ட் பேப்பரைப் பள்ளியே தரும். ரங்கூன், கொழும்பு போய் வந்த குடும்பங்கள் இந்தப் பக்கம் நிறைய. பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்கள் பற்றி வீட்டில் பேச்சு இருந்தால் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பழைய ரேஷன் கார்டு, கடிதம் இருந்தால் அசலைக் கொடுத்துவிட வேண்டாம், போட்டோ எடுத்து அனுப்பினால் போதும்.

வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்க்க வரலாம். தாத்தா, ஆச்சிமாரையும் கூட்டிவாருங்கள். மாடி ஏற வேண்டியதில்லை, கீழ் வராந்தாவிலேயே மாட்டுகிறோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்