உன் வீட்டு ஹோலில் ஒரு ரோட்மாஸ்டர்

கல்லடி, மட்டக்களப்பு,
பங்குனி 2025

அன்புள்ள மகளுக்கு,

நானும் அம்மாவும் சுகம். நீயும் மருமகனும் பேரனும் சுகமாக இருக்க மாமாங்கேஸ்வரரை வேண்டுகிறோம்.

அம்மா போனில் பாதி சொல்லியிருப்பா. மீதியை நான் சொல்வதுதான் முறை. ஸ்கூட்டி வாங்கச் சொல்லி நீ அனுப்பிய காசில் நான் ஸ்கூட்டி வாங்கவில்லை. நாற்பது வருஷப் பழைய ஹொண்டா சிடி 200 ரோட்மாஸ்டர் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, உன் வீட்டு ஹோலில் கழற்றிப் போட்டிருக்கிறேன். எங்கள் வீட்டு விறாந்தையில் இடமில்லை என்று அம்மா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டா. திறப்பு என்னிடம் இருந்தது. மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்த வீட்டைத் தகப்பனே கராஜ் ஆக்கிய கதை இந்த ஊரில் வேறு இருக்குமோ தெரியாது.

இந்த வண்டியின் பேச்சு எனக்கு முதலில் கிடைத்தது 2022-ல், பெற்றோல் வரிசையில். இரண்டு நாள் ஒரே இடத்தில் நின்றால் முன்னால் நிற்பவரின் குடும்பக் கதை முழுக்கத் தெரிந்துவிடும். என் முன்னால் நின்றவர் மண்டூர்க்காரர். அவருக்குப் படிப்பித்த வாத்தியாரின் நெல்லறையில் ஒரு சிடி 200 வருஷக்கணக்காகச் சும்மா நிற்கிறது என்றார். அன்றைக்கு ஓடுகிற வண்டிக்கே பெற்றோல் இல்லை. கேட்டதை மனதில் போட்டு வைத்தேன். போன தையில்தான் போனேன். அறுவடைக்கு முன்னம் நெல்லறை வெறுமையாக இருக்கும், வண்டியை வெளியே இழுக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது.

வாத்தியாருக்கு 81 வயது. 2007-ல் சண்டையால், வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரைச் சனம் இடம்பெயர்ந்து இக்கரைக்கு வந்தபோது, மனைவியையும் ஒரு மூட்டை அரிசியையும் இந்த வண்டியில்தான் ஏற்றிக்கொண்டு வந்தாராம். ஊருக்குத் திரும்பிப் போனதும் நெல்லறையில் விட்டார். பிறகு இடுப்பு வருத்தம் வந்து காலைத் தூக்கிப் போட முடியவில்லை. விற்கவும் மனம் வரவில்லை. அப்படியே பதினெட்டு வருஷம்.

நான் கல்லடியில் தேடாமல் மண்டூர் வரை போனதற்குக் காரணம் உண்டு. நம்முடைய பக்கம் ஒரு புறம் கடல், மறுபுறம் வாவி. இங்கே வெளியில் வைத்த ஆணி ஒரு மாரிக்குள் கறள் பிடித்துவிடும். வயல் பக்கத்து நெல்லறை அப்படியில்லை, நெல் கெடாமல் இருக்க வேண்டும் என்றே கட்டுவது. வண்டியின் குரோம் மங்கியிருந்தது, பொத்துப் போகவில்லை. கம்பிகளில் மேல்கறள்தான். மட்கார்டின் உட்பக்கம் விரலால் தட்டிப் பார்த்தேன், தகரம் கணீரென்றது.

டோர்ச் அடித்து இயந்திர இலக்கத்தையும் சேசி இலக்கத்தையும் வண்டியின் பதிவுப் புத்தகத்தோடு ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்த பிறகுதான் விலை கேட்டேன். புத்தகத்தில் இருப்பது வாத்தியாரின் பெயரே. பெயர் மாற்றாமல் ஓப்பன் பேப்பரில் நாலு கை மாறி வந்த வண்டி என்றால் சும்மா தந்தாலும் நான் தொட்டிருக்க மாட்டேன். அவர் இரண்டு லட்சம் கேட்டார், நான் ஒன்றரை என்றேன், ஒன்றே முக்காலில் நின்றது. 2020-ல் வாகன இறக்குமதியை நிறுத்தியதில் இருந்து பழைய இரும்புக்கெல்லாம் ஒரு மவுசு. இந்த வருஷம் திறந்துவிட்டிருக்கிறார்கள், ஆனாலும் விலை இறங்கின பாடில்லை.

பட்டிருப்புப் பாலத்தால் சுற்றிக் கொண்டுவந்திருக்கலாம். நான் குருமண்வெளிக்குப் போகும் பாதையில்தான், அந்த மிதவைப் படகில்தான், ஏற்றினேன். சின்னதில் மண்டூர்த் திருவிழாவுக்குப் போகும்போது அந்தப் பாதையின் ஓரத்தில் நின்று தண்ணீரைத் தொடப் போய் அம்மாவிடம் அடி வாங்கினாயே, அதே பாதைதான். வண்டியின் ரயர் இரண்டும் காற்றில்லாமல் சப்பி இருந்ததால் நாலு பேர் தள்ளி ஏற்றினோம். நடு வாவியில் ஒருவர் அந்தக் காலத்து ஸ்ரீ நம்பர் பிளேட்டைப் பார்த்துவிட்டு, "ஐயா, இதை மியூசியத்துக்கா கொண்டு போறீங்க?" என்றார். அக்கரையில் பட்டா லொறி நின்றது.

இனி நீ கேட்கப் போவதற்கு வருகிறேன். ஏன் இந்த வண்டி?

நீ பிறக்க முன்னம் எனக்கு இதே வண்டி இருந்தது. படத்தில் பார்த்திருக்கிறாய், அம்மா சாரியோடு பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பா. உன்னிச்சை, உறுகாமம், நவகிரி என்று குளம் குளமாக நான் அலைந்தது அதில்தான். 194 சிசி, இரண்டு சிலிண்டர், ஒரே கார்பரேட்டர். இரண்டு பிஸ்டனும் ஒன்றாக மேலே வந்து ஒன்றாகக் கீழே போகும், வெடிப்பது மட்டும் மாறி மாறி. அதனால் சத்தம் இடறாமல் ஒரே சீராக வரும். செயினை முழுக்க மூடிய பெட்டி இருக்கும், வாய்க்கால் கட்டுச் சேற்றில் ஓடியவனுக்கு அதன் அருமை தெரியும். கலியாணம் கட்டிய வருஷம் செங்கலடியில் திரும்பி, மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை என்று பதுளை வரை ஒரே நாளில் போனோம். மகாஓயாவில் வெந்நீர் ஊற்றில் கால் நனைத்தோம். லுணுகலை தாண்டி ஏறும்போது குளிரில் அம்மா சேலைத் தலைப்பால் காதைக் கட்டிக்கொண்டா. வண்டி ஒரு இடத்திலும் முனகவில்லை.

1990 ஆனியில் சண்டை தொடங்க வீட்டைப் பூட்டிப்போட்டு ஓடினோம். திரும்பி வந்தபோது வீடு இருந்தது. வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. யாரிடம் போய்க் கேட்பது? அந்த வருஷம் மனிதரைத் தேடியவர்களே முகாம் முகாமாக நடந்து களைத்திருந்தார்கள். மோட்டார் சைக்கிளைக் காணவில்லை என்று வாய் திறக்க எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால் யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடமும் இப்போதுதான் சொல்கிறேன்.

சரி, வேலைக்கு வருவோம்.

வண்டி வந்து இறங்கியதுமே பக்கத்து வீட்டுப் பொடியன், "அங்கிள், திரீவீலில் கட்டி இழுத்தா ஸ்டார்ட் ஆகும்" என்று கயிறோடு வந்துவிட்டான். கயிற்றைப் பறித்து வைத்துக்கொண்டேன். இத்தனை வருஷம் நின்ற இயந்திரத்தில் சிலிண்டர் சுவரில் எண்ணெய்ப் பசை இராது, பிஸ்டன் ரிங் கறளோடு ஒட்டிப் போயிருக்கும். அதை இழுத்துச் சுற்றினால் ரிங் உடையும், சுவர் கீறும், பிறகு சிலிண்டரைக் கடையும் போரிங் செலவு. பிளக் இரண்டையும் கழற்றி ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் இரண்டு கரண்டி எண்ணெய் விட்டு, துணியால் மூடிவிட்டுப் போய்ப் படுத்தேன். அடுத்த நாளும் விட்டேன். ஐந்தாம் நாள் மேல் கியரில் போட்டு, பின் சில்லைப் பிடித்து முன்னும் பின்னுமாக மெதுவாக ஆட்டினேன். கல்லுப் போல நின்றது. திரும்ப ஆட்டினேன். உள்ளே ஏதோ 'சிக்' என்றது, சில்லு ஒரு அங்குலம் போனது. அந்த ஒரு அங்குலத்துக்கு நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பின்னேரம் முழுச் சுற்றும் வந்தது.

டாங்கியைத் திறந்தால் பெற்றோல் மணமே இல்லை, பழைய வார்னிஷ் மணம். அடியில் தேன் நிறத்தில் பிசின். கடையில் இருந்த வினாகிரிப் போத்தல் முழுவதையும் வாங்கி வந்து ஊற்றி, ஒரு கை நட்டுகளைப் போட்டு, மூன்று நாள் ஊறவிட்டுக் குலுக்கினேன். "ஊரில யாருக்கு அச்சாறு போடப் போறீங்க?" என்று அம்மா கேட்டா. வினாகிரிப் புளிப்பு கறளைக் கரைக்கும், ஆனால் அப்படியே விட்டால் நல்ல இரும்பையும் தின்னும். அதனால் அப்பச்சோடாத் தண்ணீரால் கழுவி, வெயிலில் காயவைத்து, காய்ந்த உடனேயே டீசல் விட்டு அலசினேன். பிந்தினால் கண் முன்னாலேயே புதுக் கறள் பூக்கும்.

காற்று வடிகட்டும் பெட்டிக்குள் ஒரு எலிக் குடும்பம் பல காலம் குடியிருந்திருக்கிறது. உமி, பஞ்சு, வாத்தியார் திருத்திய பரீட்சைத் தாள் துண்டுகள். ஒரு துண்டில் சிவப்பு மையில் '38' தெரிந்தது. எந்தப் பிள்ளையோ, பாவம்.

கார்பரேட்டரில்தான் எனக்கு இழுபட்டது. கண் மங்கல் என்பதால் டவுணில் ஒரு இடத்தில் கொடுத்தேன். பெயர் வேண்டாம். மூன்று கிழமை வைத்திருந்து, கம்பியால் குத்தித் துளையைக் கீறித் தந்தார்கள், ஒரு திருகாணியும் குறைவு. பெற்றோல் வரும் அந்தச் சின்ன ஜெட்டின் துளை மயிர் அளவு. பித்தளை மென்மையானது, கம்பி பட்டால் துளை பெருக்கும், பிறகு பெற்றோல் குடிக்கிற அளவே மாறிவிடும். வேறு ஜெட் தேடி எடுத்து, வாவியில் தூண்டில் போடுகிறவரிடம் மெல்லிய தங்கூசி நூல் ஒரு முழம் வாங்கி, நானே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுத்தம் செய்தேன். வெளிச்சத்தில் பிடித்தபோது துளை வட்டமாகத் தெரிந்தது.

பிறேக் சூவில் ஒட்டியிருந்த லைனிங் தொட்டதும் தகடாகக் கழன்று கையில் வந்தது. பார்வைக்குத் தடிப்பாக, நன்றாகத்தான் இருந்தது. பழைய பசை விட்டுப் போயிருக்கிறது. ஓடும்போது கழன்றிருந்தால் சில்லுப் பூட்டிக்கொண்டிருக்கும். ரயரும் அப்படித்தான், காற்றடித்தால் நிற்கிறது, ஆனால் பக்கத்தில் 1105 என்று இருந்தது. 2005-ம் ஆண்டு 11-ம் வாரம் செய்தது என்று அர்த்தம். இரண்டையும் மாற்றிவிட்டேன். உன் காரின் ரயரிலும் அந்த நாலு இலக்கம் இருக்கும். பட்டன் தேயாமல் ஆழமாக இருக்கிறது என்று மருமகன் சொல்லுவார், நீ இலக்கத்தைப் பார்.

வயர், பற்றரி, கேபிள் என்று மற்றதெல்லாம் காசும் பொறுமையும் தின்ற வேலை, எழுத ஒன்றுமில்லை. லைட்டுக்குள் பல்லி முட்டை நாலு இருந்தது.

போன வெள்ளிக்கிழமை பின்னேரம், புது எண்ணெய் விட்டு, டாங்கியை மாட்டாமல் ஒரு போத்தலில் பெற்றோல் தொங்கவிட்டு உதைத்தேன். ஏழாவது உதைக்குப் பிடித்தது. ஹோல் முழுக்க வெள்ளைப் புகை, நான் சிலிண்டருக்குள் விட்ட எண்ணெய் எரிகிற புகை. கதவு யன்னல் எல்லாம் திறந்துதான் வைத்திருந்தேன், பயப்படாதே. ஆனால் சத்தம் சரியில்லை, ஒற்றைக் காலில் நொண்டுகிற சத்தம். விரலை நனைத்து இரண்டு சைலன்சர் குழாயிலும் தொட்டுப் பார்த்தேன். இடப்பக்கம் 'சுர்' என்றது. வலப்பக்கம் குளிர்ந்து கிடந்தது. பிளக்கை மாற்றினேன், அதே கதை. பிளக் மூடிக்குள் பச்சைப் பாசி பூத்திருந்தது. இருநூற்றைம்பது ரூபாய் மூடி. அதை மாற்றி உதைத்தபோது வந்தது பார், அந்தச் சீரான சத்தம். அடுப்படியில் நின்ற அம்மா இரண்டு வளவு தாண்டிக் கேட்டு, கையில் அகப்பையோடு வந்துவிட்டா. ஒன்றும் பேசவில்லை. நான் நிற்பாட்டியதும், நடு ஸ்டாண்டில் நின்ற வண்டியில் ஏறிப் பக்கவாட்டில் உட்கார்ந்து, சீற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "பிடிக்கிற வார் எங்க?" என்று கேட்டா.

வார் அறுந்து போயிருந்தது. மறுநாளே தைத்துப் போட்டேன்.

வண்டியை ரோட்டில் ஓட்ட வேண்டிய வருமான அனுமதிப்பத்திரம் இன்னும் எடுத்தாகவில்லை. நின்ற வருஷங்களின் கணக்கைத் தீர்க்க வேண்டும், புகைப் பரிசோதனை, காப்புறுதி எல்லாம் இருக்கிறது. அதை எழுதினால் இன்னொரு கடிதம் வேண்டும். அதுவரை வண்டி நம் ஒழுங்கையைத் தாண்டாது. எல்லாம் சரிவந்தால் பதுளைக்கு என்று நான் சொல்கிறேன். அம்மா முதலில் கல்லடிப் பாலம் தாண்டட்டும் என்கிறா. அவவின் முழங்காலை நினைத்தால் மகாஓயாவோடு திரும்புவதுதான் புத்தி. அங்கே ஊற்றிலும் கால் வைக்கலாம்.

ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு வருவதாகச் சொன்னாயே, வரும்போது முன் சில்லைத் தாங்கும் போர்க்குக்கு எண்ணெய் சீல் இரண்டு கொண்டுவா. இங்கே கிடைத்தது இரண்டு மாதத்தில் கசிகிறது. உள்ளளவு, வெளியளவு, தடிப்பு மூன்றையும் வேணியர் அளவுகோலால் அளந்து தனித்தாளில் எழுதிப் படம் அனுப்புகிறேன். அளவு பொருந்தினால் போதும், வண்டிப் பெயர் சொல்லித் தேட வேண்டாம், விலை கூட்டிச் சொல்லுவார்கள். ஸ்கூட்டிக் காசில் மிச்சம் இருக்கிறது, கணக்கு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. கழற்றும்போது எண்ணெய் வடிந்து ஹோலில் யன்னலோரத்து டைல்ஸ் இரண்டில் கறை ஏறிவிட்டது. சவர்க்காரம், மண்ணெண்ணெய், வினாகிரி எல்லாம் போட்டுத் தேய்த்தேன், போகவில்லை. மாற்றிப் போடலாம் என்று போய்க் கேட்டால் அந்த நிறம் இப்போது வருவதில்லையாம். கிட்டத்தட்ட அதே நிறத்தில் ஒன்று இருக்கிறது. நீ வந்து பார்த்துச் சொல், அதுவரை மேலே பாயைப் போட்டு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா