சுழலாத இனச்சுழற்சி: மனிதவள மேலாண்மைத் துறைச் செயலாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாடு அரசு அலுவலகங்களில் கணினி இயக்குபவர், ஓட்டுநர், அலுவலக உதவியாளர் என்று வெளிமுகமைக்கு ஒப்பந்தப்புள்ளி கேட்கும் அறிவிப்புகள் மறுபடியும் வரத் தொடங்கிவிட்டன. அரசு இடங்களைத் தனியார் ஏஜென்சியின் ஆட்களைக் கொண்டு நிரப்பும் இந்த முறையில் இடஒதுக்கீடு பார்க்கப்படுவதில்லை என்பது தாங்கள் அறியாததல்ல. முதன்மையாகக் கேட்பது இதுதான்: எத்தனையாவது இடம் எந்தப் பிரிவுக்கு என்று வரிசைப்படுத்தும் இனச்சுழற்சி வெளிமுகமைக்கும் வேண்டும்.

அந்தப் படிவங்களைப் பாருங்கள். முன்வைப்புத் தொகை கேட்கிறார்கள், ஆண்டு விற்றுமுதல் கேட்கிறார்கள், பி.எஃப்., இ.எஸ்.ஐ. பதிவெண் கேட்கிறார்கள். வரப்போகும் ஆட்கள் எந்தப் பிரிவினர் என்று கேட்க ஒரு வரி இல்லை. ஏஜென்சியின் பில்லில் 18 விழுக்காடு ஜிஎஸ்டி பிசகாமல் ஏறிவிடுகிறது. ஆதிதிராவிடருக்கான 18 விழுக்காடுதான் எங்கும் ஏறுவதில்லை.

நேரடி நியமனத்தில் 200 இடங்களுக்கு ஒரு சுற்று. அதில் பழங்குடியினருக்கு 2, அருந்ததியருக்கு 6, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 7. சுற்று எங்கே நின்றதோ அங்கிருந்துதான் அடுத்த நியமனம் தொடரும். ஒரு பதவியில் 10 இடம் காலியாகி, 3 மட்டும் முறையாக நிரப்பப்பட்டால் சுற்று 3 புள்ளிதான் நகரும். மீதி 7 ஏஜென்சிக்கு. பெரிய பிரிவுகளுக்கு நாலைந்து இடத்துக்கு ஒருமுறையாவது முறை வந்துவிடும். 200-இல் 2 இடம் உள்ளவருக்கு முறை வருவதற்குள் வயது வரம்பே கடந்துவிடும். மகளிருக்கான 30 விழுக்காடும் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 விழுக்காடும் இதே சுற்றோடுதான் நிற்கின்றன. ஒரு பிரிவுக்கு உரிய இடம் நிரம்பாமல் போனது, அது குறைவுப் பணியிடம் என்று பின்னால் கேட்கவும் வழியில்லை. அறிவிக்கவே படாத இடத்துக்குக் குறைவுக் கணக்கு ஏது?

வேலைப் பாதுகாப்பும் இதே முடிச்சில்தான் சிக்கியிருக்கிறது. முறைப்படி தேர்வாகாதவர் நிரந்தரத்தை உரிமையாகக் கோர முடியாது என்ற உச்ச நீதிமன்றத்தின் 2006-ஆம் ஆண்டு உமாதேவி தீர்ப்பைக் காட்டி நிரந்தரத்தை மறுக்கிறீர்கள். அரசு ஊழியரே அல்லர் என்று இனச்சுழற்சியையும் மறுக்கிறீர்கள். வேலை மட்டும் அரசு வேலை! நீண்டகாலம் உழைத்தவர்களுக்கு எதிராக அந்தத் தீர்ப்பை ஆயுதமாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் சொல்லியாயிற்று. இங்கோ ஒப்பந்ததாரர் மாறினால் அதே நாற்காலி, அதே கோப்பு, புது ஆர்டர். பழைய பணிக்காலம் பூஜ்யம்.

2021 முதல் செப்டம்பர் 17 அன்று அலுவலகங்களில் சமூகநீதி நாள் உறுதிமொழி எடுக்கிறோம். வெளிமுகமை ஊழியர்களும் வரிசையில் நின்று கை நீட்டுகிறார்கள். அதற்கு மட்டும் அவர்கள் ஏஜென்சி ஆட்களாகத் தெரிவதில்லை போலும்.

பேச்சு எங்கோ போய்விட்டது, பொறுத்தருள்க. 45 நாளோ அதற்கு மேலோ நீடிக்கும் தற்காலிக நியமனங்களுக்கு இடஒதுக்கீடு உண்டு என்கிறது ஒன்றிய அரசின் விதி. அதே அளவுகோலை இங்கே வெளிமுகமைக்கும் கொண்டுவாருங்கள். இனச்சுழற்சிப் பதிவேட்டில் ஏற்றாமல் எந்த இடத்தையும் ஏஜென்சிக்குத் தராதீர்கள். அனுமதிக்கப்பட்ட இடம் எத்தனை, முறையாக நிரப்பியது எத்தனை, வெளியே கொடுத்தது எத்தனை என்று ஒவ்வொரு துறையும் பிரிவுவாரியாக வெளியிடட்டும். ஒப்பந்ததாரர் மாறினாலும் இருப்பவரே தொடர்வார் என்ற நிபந்தனை ஒப்பந்தப்புள்ளியிலேயே இருக்கட்டும்.

இவற்றுக்கு அரசாணை வர நாளாகும் என்றால், அடுத்த படிவத்தில் அந்த ஒரு வரியையாவது சேர்க்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
அரசு அலுவலகங்களின் நிரந்தர, வெளிமுகமை, தொகுப்பூதியப் பணியாளர்கள்