கோர்டோபா முற்றங்களை ஆகஸ்டில் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஸ்பெயினின் கோர்டோபா நகரத்து முற்ற வீடுகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் கண்ணைப் பறித்தன. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் பூந்தொட்டிகள்தாம்; வீட்டைக் காணோம்.

கட்டுரையாளர் மே மாதத்தில், முற்றத் திருவிழாவின்போது போயிருக்கிறார். சிறந்த முற்றத்துக்கான போட்டியாக 1921இல் தொடங்கியது அது. 2012இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலிலும் சேர்ந்தது. அப்போது போனால் பூவும் கூட்டமும்தான் கண்ணில் படும். நான் போனது ஆகஸ்டில். 2021 ஆகஸ்டில் 46.9 டிகிரி செல்சியஸ் பதிவான ஊர் அது. தெருவில் வெந்து, இருண்ட நடையைக் கடந்து முற்றத்தில் கால் வைக்கும்போதுதான் அந்த வீட்டின் சூட்சுமம் உடம்புக்கு உறைக்கிறது.

இரவில் குளிர்ந்த காற்று கனத்து முற்றத்துக்குள் இறங்கித் தங்குகிறது. காலையில் வெயில் ஏறுமுன் மேலே படுதாவை இழுத்து மூடிவிடுகிறார்கள். பொழுது சாய்ந்ததும் திறந்துவிடுகிறார்கள். தடித்த சுவர், அதன்மேல் வெள்ளைச் சுண்ணாம்பு, கூழாங்கல் பாவிய தரையில் தெளிக்கும் தண்ணீர் எல்லாம் சேர்ந்துதான் வேலை செய்கின்றன. செடிகளும் அந்த வேலையில் பங்காளிகள்தாம், அழகு பிறகு. ஒரு வீட்டில் மூதாட்டி ஒருவர் நீண்ட கழியின் நுனியில் தகர டப்பாவைக் கட்டி, வாளியில் முக்கி, தலைக்கு மேலே மாட்டியிருந்த தொட்டிகளில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். பாதி தொட்டிக்கு, பாதி சுவருக்கு. சுவர் நனைவதும் நல்லதுதானே! இன்னொன்று: முற்றம் குறுகலாகவும் ஆழமாகவும் இருக்க வேண்டும். அகலமாக வைத்தால் நடுப்பகல் வெயில் நேரே தரையில் இறங்கிவிடும்.

கட்டுரையில் வரும் 'அரேபியர் கண்டுபிடித்த கலை' என்ற வரியை ஒப்புக்கொள்ள முடியவில்லை. நீரையும் மறைவையும் அவர்கள் நேசித்தது உண்மை. ஆனால் 711இல் அவர்கள் ஸ்பெயினுக்குள் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ரோமானிய மாகாணத் தலைநகராக இருந்த ஊர் கோர்டோபா. ரோமானியர் வீடும் முற்றத்தைச் சுற்றியே எழுந்தது. அதற்கும் முன்னால், கி.மு. 348இல் மாசிடோனிய மன்னர் இரண்டாம் பிலிப் அழித்த கிரேக்க நகரமான ஒலிந்தோஸில் வீட்டுக்கு வீடு முற்றம் இருந்தது. முற்றத்தின் வடபுறத்தில் தெற்கு பார்த்த தாழ்வாரம் வைத்தார்கள். குளிர்காலத்துச் சாய்ந்த வெயில் உள்ளே வரும்.

கோர்டோபாவின் முற்ற வீடுகள் பிரபுக்களின் மாளிகைகள் என்று கட்டுரை சொல்வதும் பாதி உண்மைதான். 12 முற்றங்கள் கொண்ட வியானா அரண்மனை அப்படிப்பட்டது. சான் பசிலியோ பகுதியின் முற்றங்கள் பலவும் ஒண்டுக்குடித்தன வீடுகளுடையவை: குடும்பத்துக்கு ஓர் அறை அல்லது இரண்டு, எல்லோருக்கும் பொதுவாக ஒரு கிணறு, ஒரு துணி துவைக்கும் தொட்டி. இன்று அத்தகைய வீடுகள் சில சுற்றுலா விடுதிகளாக மாறிவருகின்றன. எனக்குக் கவலை அதில்தான். மே மாதத்துக்குப் பூந்தொட்டிகளை விலைக்கு வாங்கி அடுக்கிவிடலாம். ஆகஸ்ட் காலையில் படுதாவை இழுக்க அங்கேயே குடியிருக்கும் ஆள் வேண்டும். கட்டுரையில் அப்படி ஒருவரிடமாவது பேசியிருக்கலாம்.

அடுத்த முறை இத்தகைய கட்டுரைகளுடன் வீட்டின் குறுக்குவெட்டுப் படம் ஒன்றையும் வெளியிட வேண்டுகிறேன். பூப்படங்களில் ஒன்றைக் குறைத்தால் இடம் கிடைக்கும்.

ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர்,
மதுரை.