‘பெயர் தெரியாத குத்துச்சண்டை வீரர்’: ஒரு திருத்தம்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சென்ற பட்டியலில் ‘பெயர் தெரியாத குத்துச்சண்டை வீரர், நியூயார்க்’ என்று மூன்று பழைய புகைப்படங்களைப் போட்டிருந்தோம். மூன்றும் விற்றுவிட்டன. அந்தக் குறிப்பு தவறு. பின்பக்கம் பென்சிலில் ‘லீ கனகாட்டா’ என்று எழுதியிருந்தும் நாங்கள் தேடிப் பார்க்கவில்லை. மன்னிக்க வேண்டும்.

அவர் கனடா லீ, கறுப்பின நடிகர். 1907-ல் நியூயார்க்கில் பிறந்தவர். குத்துச்சண்டை மேடை அறிவிப்பாளருக்கு அவருடைய குடும்பப் பெயரான ‘கனகாட்டா’ வாயில் நுழையாமல் போக, கனடா லீ என்ற பெயரே நிலைத்துவிட்டது. சண்டையில் ஒரு கண் பார்வை போனது. அப்புறம்தான் நாடகத்துக்கு வந்தார்.

போன மாதம் அவருடைய 1941 நாடகப் புகைப்படம் ஒன்று எங்களுக்கு வந்தது. ஆர்சன் வெல்ஸ் இயக்கிய ‘நேட்டிவ் சன்’. அதில் இவர்தான் நாயகன். விற்ற படங்களின் நகல் எங்களிடம் இருந்தது; அதையும் இந்த நாடகப் படத்தையும் அருகருகே வைத்து உருப்பெருக்கியில் பார்த்தபோதுதான் புரிந்தது. அதே மூக்கு, அதே கனத்த தாடை. நாடகப் படத்தில் தோளைச் சுற்றி வெள்ளைச் சாயம் தீட்டியிருக்கிறது. ஓரத்தில் சிவப்பு மெழுகுப் பென்சிலில் வெட்டுக்கோடு. செய்தித்தாளில் அச்சேற்றத் தயார் செய்த அடையாளங்கள் அவை. கறை என்று நினைத்து யாரும் துடைத்துவிடாதீர்கள். அவை இருப்பதால்தான் அது அந்தக் காலத்துப் பிரதி என்று நம்பிச் சொல்ல முடிகிறது.

1944-ல் ஹிட்ச்காக்கின் ‘லைஃப்போட்’, 1947-ல் ‘பாடி அண்ட் சோல்’ என்று அவர் நடித்த சினிமாக்களின் புகைப்படங்கள் நிறையக் கிடைக்கின்றன. 1949-க்குப் பிறகு எங்கள் பெட்டியில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. அந்த ஆண்டு ஓர் உளவு வழக்கில் வெளியான எஃப்.பி.ஐ. (அமெரிக்கப் புலனாய்வுத் துறை) அறிக்கைகளில் இவர் பெயரும் இருந்தது. வானொலியும் தொலைக்காட்சியும் கதவைச் சாத்தின. கடைசி சினிமாவுக்காகத் தென்னாப்பிரிக்கா போனார். நிறவெறிச் சட்டத்தால் இவரையும் இன்னொரு கறுப்பின நடிகரான சிட்னி பாய்ட்டியரையும் இயக்குநரின் வேலையாட்கள் என்று காட்டித்தான் உள்ளே கொண்டுபோக முடிந்தது. 1952 மே மாதம், 45 வயதில் இறந்தார். இவ்வளவு பெரிய நடிகரின் பெயரை ஒருமுறை அழித்தார்கள். எங்கள் பட்டியலும் அதையே செய்துவிட்டதே என்பதுதான் எங்கள் வருத்தம்.

வாங்கிய மூவருக்கும் சரியான குறிப்புச் சீட்டைத் தபாலில் அனுப்பியிருக்கிறோம். படத்தின் பின்பக்கம் ஒட்ட வேண்டாம், கூடவே உறையில் வையுங்கள். மதிப்பு கூடியிருந்தாலும் நாங்கள் கூடுதல் பணம் கேட்கப் போவதில்லை. 1941 படம் இப்போதைக்கு விற்பனைக்கு இல்லை. கடைக்கு வந்தால் எடுத்துக் காட்டுகிறோம்.

அன்புடன்,
கடையினர்