பாஷை தெரியாத ஊர்ல முகத்த பாத்து

அன்புள்ள தங்கச்சிக்கு,

போன்ல பேசினா அஞ்சு நிமிஷத்துல அம்மா பிடுங்கிக்கறாங்க, அதான் இந்த தடவ எழுதியே அனுப்பறேன். இங்க இப்போ சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிடுது, வேலைக்கு போறப்பவும் இருட்டு, திரும்பி வர்றப்பவும் இருட்டு, நடுவுல சூரியன் வந்துச்சான்னு ஜன்னல் பக்கம் படுத்திருக்கற தாத்தாகிட்டதான் கேட்டுக்கணும். முதியோர் இல்லத்து வேலை பழகிடுச்சு, இடுப்பு வலிதான் பழகல.

வந்த புதுசுல எனக்கு இந்த ஊரு பாஷை சுத்தமா வராதுல்ல, பேசறது புரியலேன்னா ஒருத்தர எடை போட முகத்த விட்டா வேற என்ன இருக்கு சொல்லு? சிரிச்சா நல்லவங்க, முறைச்சா ஆகாதவங்க, அவ்ளோதான் கணக்கு. பாஷை தெரிஞ்சவங்களும் அதேதான் பண்றாங்கன்னு ட்ரெய்னிங்ல சொன்னாங்க. ஒரு முகத்த ஒரு செகண்டுல பத்துல ஒரு பங்கு நேரம் காட்டினாலே இந்த ஆள நம்பலாமா கூடாதான்னு மனசு முடிவு பண்ணிடுதாம், 2006ல வில்லிஸ், தொடோரோவ்னு ரெண்டு பேரு சோதிச்சு எழுதியிருக்காங்க. 1920லயே தார்ன்டைக்னு ஒரு சைக்காலஜிஸ்ட், ராணுவ அதிகாரிங்க அவங்க ஆளுங்களுக்கு போட்ட மார்க்க எடுத்து பாத்திருக்காரு, உடல்வாகுக்கு நல்ல மார்க் வாங்கினவனுக்கு புத்திக்கும் குணத்துக்கும் கூட மார்க் ஏறி கிடந்துச்சாம். ஆளு லட்சணமா இருந்தா யோக்கியன்னு நாமளே சர்ட்டிபிகேட் குடுத்துடறோம், அவன் கேக்கவே வேணாம்.

எனக்கு ரூம் பாத்து குடுத்தவன் அப்படி ஒரு ஆளுதான், சினிமால நடிக்கலாம், பல்லு வரிசை அவ்ளோ அழகு. அட்வான்ஸ திருப்பி தர்றேன்னவன் இன்னிக்கு வரைக்கும் போன் எடுக்கல. போன வாரம் பஸ் ஸ்டாப்புல பாத்தேன், அதே பல்லுதான், ஆனா பாக்கவே பிடிக்கலடி.

எங்க ஷிப்ட் சூப்பர்வைசர் அம்மா இதுக்கு நேர் எதிர். கடுகடுன்னு முகம், பேச்சும் வெடுக்குனு இருக்கும், மொத மாசம் அவங்க இருக்கற பக்கமே நான் போக மாட்டேன். ஒரு நாள் ஒரு பாட்டிக்கு ராத்திரி மாத்திரை லேட்டாயிடுச்சு, யாரும் பாக்கல, பாட்டிக்கும் ஞாபகம் இல்ல, நோட்டுல நேரத்த மாத்தி எழுதிட்டா கதை முடிஞ்சுது. அந்தம்மா சரியான நேரத்தயே எழுதி, டாக்டருக்கும் போன் போட்டு, மறுநாள் பாட்டியோட பொண்ணு வந்தப்ப லேட் பண்ணது நான்தான்னு தானா போய் சொன்னாங்க. அந்த பொண்ணு கத்தின கத்துல எனக்கே கை நடுங்குச்சு, இவங்க ஒரு சாக்கு கூட சொல்லாம நின்னு கேட்டுக்கிட்டாங்க. என் சம்பள ஷீட்ல நான் எழுத மறந்த ஓவர்டைம எழுதி வெச்சதும் இவங்கதான். இப்போ எனக்கு அந்த முகம் கடுகடுன்னே தெரியல, நெஜமாவே அழகா தெரியுது, நெத்தி சுருக்கத்தோட சேத்து.

இது என் பிரமை இல்லடி. 2004ல நிஃபின், வில்சன்னு ரெண்டு பேரு ஒரு படகோட்டற டீம்ல ஒருத்தர ஒருத்தர் எவ்ளோ அழகுன்னு மார்க் போட சொல்லியிருக்காங்க, உழைக்கறவன அழகுன்னும் ஓபி அடிக்கறவன அசிங்கம்னும் டீம் ஆளுங்க போட்டிருக்காங்க, அவங்கள தெரியாத வெளியாளுங்க கண்ணுக்கு அப்படி ஒரு வித்தியாசமும் தெரியல. அதாவது குணம் பழகினவங்க கண்ணுக்குத்தான் முகத்துல ஏறுது.

அதுக்காக தோற்றம் முக்கியமே இல்லன்னு நான் பொய் சொல்ல மாட்டேன், தெரியாதவங்க அந்த பத்துல ஒரு பங்கு செகண்டுலதான் நம்மள பாப்பாங்க, நாளைக்கு நீ இன்டர்வியூ போனாலும் அப்படித்தான், அது அநியாயம்தான். உண்மை பேசறேன்னு அடுத்தவங்கள புண்படுத்தறவங்களும் இருக்காங்க, அத நான் எங்க சூப்பர்வைசர் அம்மாவோட நேர்மையோட சேக்கல.

நீ கேட்ட பரு க்ரீம் அடுத்த பார்சல்ல வரும், மெடிக்கல் ஷாப்ல இருக்கறவர்கிட்ட கேட்டு வாங்கறேன். அதுவரைக்கும் கிள்ளாத, தழும்பாயிடும். க்ரூப் போட்டோவுக்கு பரு போனப்புறம் நிக்கறேன்னு சொன்னியே, உன் ஃப்ரெண்ட்ஸ் உன்ன எத்தன வருஷமா பாக்கறாங்க, போய் நில்லு. போட்டோவ எனக்கும் அனுப்பு.

அக்கா