தமிழையாவுக்கு: வெண்பாவில் இடம் கிடைக்காத தலைஞாயிறு

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு வணக்கம்.

செல்போன் செயலியிடம் யாரோ கேட்டு வாங்கிய வெண்பா ஒன்று உங்கள் கைக்கு வந்திருக்கிறது. அசை பிரித்து அலகிட்டுப் பார்த்துவிட்டு, இரண்டாம் அடியிலேயே சீரையும் சீரையும் சேர்க்கும் தளை தட்டுகிறது, ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாட்டில் எதிலும் அடங்கவில்லை என்று குரல் பதிவு அனுப்பியிருந்தீர்கள். நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. அந்த வகைச் செயலி மலை மலையாக எழுத்தைப் படித்து வைத்துக்கொண்டு, அடுத்து என்ன வரும் என்று கணித்துத்தான் எழுதுகிறது. தமிழ்ச் சொல்லைத் தனக்குத் தோதான துண்டுகளாக நறுக்கிக்கொள்கிறது. சில சமயம் ஓர் உயிர்மெய்யே இரண்டாகிவிடும். சீரைக் கட்டும் அசைகளில் நேரசை எது, நிரையசை எது என்று அதற்கு எப்படித் தெரியும்? பார்க்க வெண்பா மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

ஆனால் கணினிக்கும் கவிதைக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று முடித்தீர்களே, அதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த உறவு 70 ஆண்டு தாண்டியது ஐயா. 1952இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகக் கணினியைக் கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி என்பவர் காதல் கடிதம் எழுத வைத்தார். அடைமொழி, பெயர், வினை என்று சொற்பட்டியல்கள். எதை எடுப்பது என்பதைக் கணினி குலுக்கிப் போட்டுத் தீர்மானித்தது. 1959இல் ஜெர்மனியில் தியோ லுட்ஸ், காஃப்காவின் நாவலிலிருந்து சொற்களை எடுத்துப் புது வாக்கியங்களாகக் கோத்தார். இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்ததில் கணினியே கிடையாது. 1961இல் பிரான்சில் ரேமோன் கெனோ சானெட் என்ற 14 வரிப் பாட்டு பத்து எழுதி, வரி வரியாகத் தாளைக் கத்தரித்துவிட்டார். எந்தச் சானெட்டின் முதல் வரியோடும் எந்தச் சானெட்டின் இரண்டாம் வரியும் சேரும். இயைபும் இலக்கணமும் எல்லா இடத்திலும் பொருந்தும்படி முன்கூட்டியே எழுதியிருந்தார். கோடியைக் கோடியால் பெருக்கினால் எவ்வளவோ அவ்வளவு கவிதை அந்த ஒரு புத்தகத்தில்.

இதை நம் ஊர்க்காரர்களிடம் புதுமை என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. சம்பந்தரின் மாலைமாற்றை நீங்கள்தான் கரும்பலகையில் எழுதிப் போட்டீர்கள். ‘யாமாமாநீ யாமாமா யாழீகாமா காணாகா’ என்ற அடியை எழுத்தெழுத்தாகப் பின்னாலிருந்து படித்தால் அடுத்த அடி வந்துவிடும். அதற்குள் அவர் ஊரான காழியும் (சீர்காழி) வந்து உட்கார்ந்திருக்கும். ஒன்றிலிருந்து ஏழு வரை ஏறி இறங்கும் எழுகூற்றிருக்கையைச் சம்பந்தரும் பாடினார், குடந்தை ஆராவமுதன் மீது திருமங்கையாழ்வாரும் பாடினார். அணி நூலான தண்டியலங்காரத்தில் கோமூத்திரி, சுழிகுளம், நாகபந்தம் என்று இப்படிப்பட்ட சித்திரகவிகளின் பெரிய பட்டியலே உண்டு. விதியை முதலில் போட்டுக்கொண்டு அதற்குள் பாட்டைத் தேடிப் போகிற வேலை காவிரிக் கரைக்கு ரொம்பப் பழையது.

நான் இப்போது செய்துகொண்டிருப்பதைச் சொல்கிறேன். வெண்பாவின் ஈற்றடியை மட்டும் கட்டுகிற சின்னக் கணினி நிரல். மூன்றே சீர். நேரில் முடியும் ஈரசைச் சீர் மா, நிரையில் முடிவது விளம், நேரில் முடியும் மூவசைச் சீர் காய். ஒன்றுக்கு அடுத்து எந்த அசை வரலாம் என்பதுதான் விதி: மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர். கடைசியில் நாள், மலர், காசு, பிறப்பு. இவ்வளவுதான் அதற்குத் தெரியும். சொற்களை நான் கொடுக்கிறேன், எல்லாம் நம் வயற்காட்டுச் சொற்கள். அது கோத்துக் கொடுத்த ஓர் அடி:

கடைமடை காணுமோ நீர்

நீங்களே அலகிட்டுப் பாருங்கள், எங்கும் தட்டாது. முதல் சீரில் ஊர்ப் பெயர்கள் மாறி மாறி வரட்டும் என்று விட்டேன். திருவாரூர் புளிமாங்காய், உள்ளே போய்விட்டது. தலைஞாயிறு புளிமாங்கனி, நிரையில் முடியும் மூவசைச் சீர். வெண்பாவில் கனிச்சீருக்கு இடமில்லை, நிரல் தள்ளிவிட்டது. முத்துப்பேட்டையும் வேதாரண்யமும் நாலசை, அவையும் வெளியே. தண்ணீருக்காகக் கடைசியில் காத்துக் கிடக்கிற ஊர்களாகப் பார்த்து யாப்பு வாசலில் நிறுத்தியதைத் திரையில் பார்த்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. இதை யாரும் திட்டமிட்டு எழுதவில்லை. விதியும் ஊர்ப் பெயரும் சேர்ந்து தானாக வெளியே வந்த செய்தி. இந்த மாதிரி ஒன்றுக்காகத்தான் நான் இதில் உட்கார்ந்திருக்கிறேன்.

அப்புறம் நீங்கள் சொல்லிக்கொடுத்த வகையுளி நினைவுக்கு வந்தது. சொல்லைப் பிரித்து அடுத்த சீரில் ஏற்றினால் என்ன?

தலைஞா யிறுகாணும் நாள்

புளிமா, புளிமாங்காய், நாள். தலைஞாயிறு உள்ளே வந்துவிட்டது! நிரலுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பது பெரிய வேலை இல்லை. எங்கே பிரித்தால் காதுக்கு இதம், எங்கே பிரித்தால் சொல் செத்துப்போகும் என்பதைத்தான் என்னால் சொல்லிக்கொடுக்க முடியவில்லை. அலகிட்டுச் சீரும் தளையும் காட்ட அவலோகிதம் என்ற நல்ல மென்பொருள் இருக்கிறது. ஆனால் நன்றாக இருக்கிறதா என்று சொல்ல, செவி பழகிய ஓர் ஆள் வேண்டும். நிரல் தெரிந்தவர்களுக்கு யாப்பு தெரியாது. யாப்பு தெரிந்தவர்கள் திரையைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். தளை தட்டும் வெண்பாக்கள் உங்கள் செல்போனுக்கு வந்து சேர்வதில் இதற்கும் பங்கு உண்டு.

இன்னொரு ஆசையும் இருக்கிறது. வாசகர் தொடத் தொட வழி மாறுகிற கதைகளை மைக்கேல் ஜாய்ஸ் போன்றவர்கள் 1980களிலேயே எழுதிவிட்டார்கள். இப்போது ட்வைன் என்ற இலவசக் கருவியில் யாரும் எழுதலாம், தமிழிலும் எழுதலாம். அதில் ஒரு பாசனக் கதை எழுதப் பார்க்கிறேன். வாசகர்தான் லஸ்கர், அதாவது மதகு திறந்து மூடுகிறவர். மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டி, வெண்ணாற்றின் வாய்க்கால் ஒன்றில் தண்ணீர் வருகிறது. தலைமடைக்காரர் வந்து நாற்றங்கால் காய்கிறது, ஷட்டரை இன்னும் கொஞ்சம் தூக்குங்கள் என்கிறார். அவர் சொல்வதும் நியாயம். தூக்கினால் அவர் வீட்டுக் கதை செழிப்பாக நீளும். அதே அளவுக்குக் கடைமடைக் குடும்பத்தின் அத்தியாயத்தில் வரிகள் குறையும். மேலே ஒவ்வொரு மதகிலும் தாராளம் காட்டிக்கொண்டே வந்தவருக்குக் கடைசி அத்தியாயத்தில் ஒரே ஒரு வாக்கியம்தான் மிச்சம் இருக்கும். என்ன நடந்தது என்று கேட்டுக்கொள்ளக்கூட வழி இருக்காது. அச்சுப் புத்தகம் வாசகர் செய்ததை நினைவில் வைத்துக்கொள்ளாது, இது வைத்துக்கொள்ளும். முறை வைத்து விடும் தண்ணீரைப் பற்றி எத்தனையோ கதை படித்துவிட்டோம், மதகுச் சாவி நம் கையில் இருந்ததில்லை.

இதெல்லாம் நிலைக்குமா என்று கேட்பீர்கள். இணையத்தில் அசையும் படைப்புகளை இயக்கிய பிளாஷ் என்ற மென்பொருள் 2020 முடிவில் நிறுத்தப்பட்டபோது அதில் செய்த படைப்புகள் பல திறக்க முடியாமல் போனது உண்மை. அதனால் எல்லாவற்றையும் எளிய எழுத்துக் கோப்பாகவே வைக்கிறேன். விதிகளையும் சொற்பட்டியலையும் தாளில் அச்சடித்து உங்களுக்குத் தபாலில் அனுப்புகிறேன், திரையைப் பார்க்க வேண்டியதில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இரண்டு. அந்தப் பட்டியலில் வெண்பாவுக்கு ஒவ்வாத சொல்லைச் சிவப்பு மையால் அடித்துவிடுங்கள், வகுப்பில் என் நோட்டில் அடித்த மாதிரியே. அப்புறம், நடவு, களை, அறுப்பு, தண்ணீர் பற்றி உங்கள் நினைவில் இருக்கும் வட்டாரச் சொற்களை மாச்சீர், விளச்சீர், காய்ச்சீர் என்று பிரித்து எழுதி வையுங்கள். பொங்கல் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது கணினியையும் எடுத்து வருகிறேன். முத்துப்பேட்டையை எப்படி உள்ளே கொண்டுவருவது என்று சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் மாணவன்